ஆளோலையும் கால்வழியும்

சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஒரு வழக்கு வருகின்றது. மணப்பந்தலில் முதியவர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கின்றார். மணமகனின் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலையே அவர்தம் சான்று. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் பாட்டனின் பிறிதோர் எழுத்தை வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கித் தீர்ப்புரைக்கின்றனர். பத்திச்சுவை கருதி இப்பகுதியை நயந்தோர் பலர். வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவார்க்கு வேறொன்றும் புலனாகும்: அடிமையின் கால்வழியை நிறுவும் மூல ஓலை ஆண்டையின் கையில் இருந்தது, அடிமையின் இல்லத்தில் இல்லை.

அடிமைப்பட்ட முன்னோரைத் தேடுவார் எந்நாட்டவராயினும் இவ்விடர்ப்பாட்டிற்குத் தப்புவதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆள்விலைச் செய்திகள் உள. நிலக்கொடைகளைப் பற்றி ஏடு ஏடாக எழுதிய நம்மனோர் அவற்றைச் சில வரிகளிற் கடந்து செல்வது முறையன்று. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவிற்கும் அடிமைகளை ஏற்றினர். போரும் பஞ்சமும் தஞ்சைப் பகுதியை வருத்திய 1659–61ஆம் ஆண்டுகளில் இவ்வாணிகம் பெருகிற்று. நன்னம்பிக்கை முனைக்குச் சென்றோர் அங்குள்ள ஏடுகளில் புதுப்பெயரோடு 'கோரமண்டலத்தார்' எனக் குறிக்கப்பெற்றனர். ஊரும் இல்லை, தந்தை பெயரும் இல்லை. அவர்தம் வழித்தோன்றல்களின் தேட்டம் கடற்கரையோடு நின்றுவிடுகின்றது.

இனி, கொல்லிமலைச் சாரலை அடுத்த நாமகிரிப்பேட்டைப் பகுதியை நோக்குவோம். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் சேலம் நாடு கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாந்தர் ரீடு தலைமையில் நிலம் அளக்கப்பட்டது. உழவரிடம் நேரே வரி தண்டும் இரயத்துவாரி முறையும் ஈண்டே தளிர்த்தது. ஆகலின் இப்பகுதிக்கு ஏடுகள் மிகுதி. ஆயினும் அவை வரி செலுத்தியோரின் பெயரேடுகளே. பிறர் நிலத்தில் ஏர்பிடித்த பண்ணையாளுக்கு அவற்றில் இடமில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது உரிமை கோருவார்க்கு நீதிமன்றங்கள் துணைநில்லா என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆள்விற்பனையைக் குற்றமாக்கிற்று. இவ்விரண்டும் விடுதலை பெற்றோரின் பெயர்ப்பட்டியல் எதனையும் விட்டுச்செல்லவில்லை.

பெயர் முறையாகப் பதிவானது கப்பலிலேதான். 1860 நவம்பர் 16இல் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவருட் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார், சேலம் மாவட்டத்தாரும் அவருள் உளர். ஐந்தாண்டு ஒப்பந்தமும் கூலியும் உடைய இவர்களை அடிமைகள் என்றே கூறுவது பொருந்தாது; பட்ட துயர் ஒத்ததாயினும் சட்டநிலை வேறு. எனினும் இவர்களைப் பற்றிய பதிவேட்டில் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலடையாளம் ஆகியன உள. கரும்புத் தோட்டத்து முதலாளிக்காக எழுதப்பெற்ற ஏடே இன்று பேரனுக்குப் பாட்டன் ஊரைக் காட்டுகின்றது.

ஆண்டும் வழுக்கும் இடங்கள் உள. தமிழ் ஊர்ப்பெயரை எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். 'சேலம் மாவட்டம்' என்பது அந்நாளில் ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி வரை பரந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். 'கோவெண்டர்' எனத் தென்னாப்பிரிக்காவில் வழங்கும் பெயர் நம் 'கவுண்டர்' என்பதன் திரிபு. அதனைக் கொண்டே கொங்கு வேளாளர் வழியினர் என முடிவுகட்டுவோரைக் கண்டிருக்கின்றேன். வன்னியருள்ளும் கொல்லிமலை மலையாளிகளுள்ளும் அப்பட்டம் வழங்குதலை அவர் நினைப்பதில்லை. முனுசாமி மகன் இராமசாமி என்னும் பெயர் ஊர்தோறும் இருக்கும். பெயரொற்றுமை ஒன்றையே பற்றினால் பிறர் பாட்டனைத் தம் பாட்டனாகக் கொள்ள நேரும்.

ஆகவே ஊர், தந்தை பெயர், சாதி என்னும் மூன்றும் பதிவேட்டில் ஒத்த பின்னரே ஊருக்குள் வருதல் வேண்டும். பட்டா இல்லாக் குடும்பத்திற்கு அங்கு எஞ்சும் சான்று பெரும்பாலும் குலதெய்வக் கோயிலே. வரி கொடுக்கும் பங்காளிகளிடம், கப்பலேறிப் போய்த் திரும்பாதவர் எவர், அவர் பங்கு எவர்பாற் சேர்ந்தது என முதியோரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் காணலாம். வெண்ணெய்நல்லூர் அவையோர் செய்ததும் அதுவே.