அடகு வைத்த மோதிரங்கள்

2021 ஜனவரி 20 அன்று கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கொண்டாட்டம். அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர் அது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே அமர்க்களம். ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். நானும் ஒரு கைதட்டல் ஸ்டிக்கரைப் போட்டுவிட்டு அந்தக் காணொளியை மறுபடி பார்த்தேன்.

இரண்டு பைபிள்களின் மேல் கைவைத்து அவர் உறுதிமொழி எடுத்தார். ஒன்று, சிறுவயதில் அவரைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவுடையது. இன்னொன்று தர்குட் மார்ஷலுடையது. மார்ஷல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. பொது அறிவுப் புத்தகத்தில் வரும் அந்த ஒரு வரிதான் எனக்கும் தெரியும். இருவரையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஒரு பல்கலைக்கழகம் என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்டில் படித்தவர்கள்.

கறுப்பின மக்களுக்காகவே தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தனிக் கல்லூரி என்றால் ஒதுக்கிவைப்பதுதானே? அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அந்தக் கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

அடிமைமுறை இருந்த தென் மாநிலங்கள் பலவற்றில், அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றம். இக்கல்லூரிகளில் மிகப் பழையதான செய்னி, 1837இல் அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியாவில் தொடங்கியது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் வரிசையாகக் கல்லூரிகள் முளைத்தன. 1866இல் ஃபிஸ்க், 1867இல் ஹோவர்ட். அட்லாண்டாவில் பெண்களுக்கான ஸ்பெல்மன், 1881இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் 11 மாணவிகளோடு ஆரம்பித்தது. 1890இல் ஒரு சட்டம் வந்தது: நிலமானியக் கல்லூரிகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்க மாட்டோம் என்கிற மாநிலங்கள், அவர்களுக்குத் தனிக் கல்லூரி காட்ட வேண்டும். மாநிலங்கள் தனிக் கல்லூரியைக் காட்டின, பணத்தைக் காட்டவில்லை. இன்றைக்கு இப்படிப்பட்ட கல்லூரிகள் சுமார் 100 இருக்கின்றன. மற்ற இனத்தவரும் அவற்றில் படிக்கிறார்கள்.

மார்ஷல் 1908இல் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோரில் பிறந்தவர். அப்பா ரயிலில் பணியாளராக வேலை பார்த்தவர், அம்மா நோர்மா பள்ளி ஆசிரியை. சட்டம் படிக்க ஆசை. சொந்த ஊரிலேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை. அதனால் வாஷிங்டனுக்குத் தினமும் ரயிலில் போய்வந்து ஹோவர்டில் படித்தார். கட்டணத்துக்காக நோர்மா தன் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். நகையை அடகுக்கடைக்கு அனுப்பிப் படித்த குடும்பங்கள் நமக்கு ஒன்றும் புதிதல்ல. நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஹோவர்டில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். ஹார்வர்டில் சட்டம் படித்தவர்; அங்கே சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் போய், எதிரியைவிடத் தன் சொந்தப் படையிடமே அதிகம் அவமானப்பட்டுத் திரும்பியவர். அவர் வந்தபோது ஹோவர்ட் சட்டக் கல்லூரி மாலை நேரக் கல்லூரி. பகலில் வேலைபார்க்கிறவர்கள் வந்து படிப்பார்கள். ஹூஸ்டன் அதை முழுநேரக் கல்லூரியாக்கினார். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் எங்கே போவார்கள் என்று எதிர்ப்பும் எழுந்தது, நியாயமான கேள்விதான். ஆனால் ஹூஸ்டன் அசையவில்லை. 1931இல் வழக்கறிஞர் சங்கத்தின் முழு அங்கீகாரம் கிடைத்தது. வழக்கறிஞர் என்பவர் சமூகத்தைக் கட்டும் பொறியாளராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதை உறிஞ்சும் ஒட்டுண்ணிதான் என்பது அவர் கட்சி.

பிறகு அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளையும் வெள்ளையினப் பிள்ளைகளின் பள்ளிகளையும் படம் பிடித்தார். ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்பதுதான் 1896 முதல் நாட்டின் சட்டம். சரி, சமமா என்று பார்த்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். எங்கே சமமில்லையோ அங்கே வழக்கு.

மார்ஷல் 1933இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அவரும் ஹூஸ்டனும் சேர்ந்து நடத்திய முதல் பெரிய வழக்கு எதன் மேல் தெரியுமா? அதே மேரிலாண்ட் சட்டக் கல்லூரி. டொனால்ட் கெயின்ஸ் மர்ரே என்ற மாணவருக்கு இடம் கேட்டுப் போட்டார்கள். ஜெயித்தார்கள், 1936இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள்.

1954 மே 17இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன பிரவுன் தீர்ப்பு வந்தது. ஐந்து வழக்குகளைச் சேர்த்த தீர்ப்பு அது. வர்ஜீனியா வழக்கை நடத்திய ஆலிவர் ஹில், மார்ஷலின் வகுப்புத் தோழர். வாஷிங்டன் வழக்கில் வாதிட்ட ஜேம்ஸ் நாப்ரிட், ஹோவர்டின் சட்டப் பேராசிரியர். பொம்மைகளை வைத்துக் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியும் ஹோவர்டில் படித்தவர்கள்தான். உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் முன் வாதங்களுக்கு ஒத்திகை நடந்ததும் அந்த வளாகத்தில். ஹூஸ்டன் மட்டும் அந்த நாளைப் பார்க்கவில்லை. 1950இலேயே இறந்துவிட்டார்.

அந்த 1950இல் வந்த இன்னொரு தீர்ப்பு எனக்குப் பிடித்தமானது. டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டார் ஹேமன் ஸ்வெட் என்ற தபால்காரர். அவரைச் சேர்க்காமலிருப்பதற்காகவே மாநிலம் அவசர அவசரமாகச் சில அறைகளில் ஒரு தனிச் சட்டக் கல்லூரியைத் திறந்தது. அது சமமல்ல என்று மார்ஷல் வாதிட்டார், நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் கல்லூரி மூடப்படவில்லை. ஹூஸ்டன் நகரத்துக்குப் போய் வளர்ந்து, இன்றும் கறுப்பின வழக்கறிஞர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அதன் இன்றைய பெயர் தர்குட் மார்ஷல் சட்டக் கல்லூரி.

என் பழைய கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. ஒதுக்கிவைத்தவர்கள் கட்டியது சுவரை மட்டும்தான். உள்ளே இருந்தவர்கள் அதைக் கல்லூரியாக்கினார்கள். டோனி மாரிசனும் ஹோவர்டில்தான் படித்தார், பிறகு அங்கேயே பாடமும் நடத்தினார். ‘முதல் கறுப்பின’ என்ற அடைமொழியைச் சுமக்காமல் ஒரு மாணவர் வெறும் மாணவராக இருக்கக் கிடைத்த இடங்கள் அவை.

கதவுகள் திறந்த பிறகு இவை எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். மேரிலாண்டையே எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள நான்கு கறுப்பினக் கல்லூரிகள் நடத்தும் படிப்புகளைப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலும் தொடங்கவிட்டு, இவற்றைத் தேய விட்டது மாநிலம். 2006இல் வழக்குப் போட்டார்கள். பதினைந்து வருடம் இழுத்து, 57.7 கோடி டாலர் தருவதாக மாநிலம் இறங்கிவந்தது 2021 மார்ச்சில். துளசேந்திரபுரத்தில் கொண்டாடி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் ஒன்றும் போடவில்லை. நானும் போடவில்லை, அப்போது எனக்குத் தெரியாது.

‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்று இப்போதும் யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. கூடவே பால்டிமோர் டீச்சர் ஒருவரின் இரண்டு மோதிரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.