நம் ஊரும் விக்கிப்பீடியாவும்: தன்னார்வத் தொகுப்பாளராகத் தொடங்க ஒரு வழிகாட்டி

பேராக் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டிலேயே ஆக அதிகமான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் இதுதான். அவற்றுள் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் இருக்கிறது, தோட்டம்தான் இல்லை. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, அல்லது வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்து மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சில பள்ளிகளும் கோயில்களும் அவர்கள் பின்னாலேயே இடம் மாறின.

அந்தத் தோட்டம் எங்கே இருந்தது, பள்ளி எந்த ஆண்டில் தொடங்கியது என்று இன்று ஒரு மாணவர் கைப்பேசியில் தேடினால் பதில் கிடைக்குமா? யாராவது ஒருவர் அதை முன்பே எழுதி வைத்திருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் கிடைக்காது. அப்படி எழுதி வைப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வத் தொகுப்பாளர்கள். நீங்களும் அவர்களில் ஒருவராகலாம்.

இந்த முறை எப்படி வந்தது?

இணையம் பரவத் தொடங்கிய காலத்தில், நல்ல அகப்பக்கங்களை மனிதர்களே பார்த்து, வகை பிரித்துப் பட்டியலிட்டார்கள். அவற்றுள் பெரியது 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய திறந்த இணையக் கையேடு. 'டிமோஸ்' என்ற பெயரில் பலரும் அதை அறிவார்கள். ஒரு கட்டத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட அகப்பக்கங்கள் அதில் இருந்தன. சேர விரும்புபவர், தமக்குத் தெரிந்த ஒரு சிறு பிரிவைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். மாதிரிக்குச் சில பக்கங்களுக்கு விளம்பரத் தொனி இல்லாத விளக்கம் எழுதிக் காட்ட வேண்டும். தமக்குத் தொடர்புள்ள தளங்கள் எவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேடுபொறிகள் வளர்ந்த பிறகு அதன் தேவை குறைந்து, 2017 மார்ச்சில் அது மூடப்பட்டது. ஆனால் சிறிதாகத் தொடங்கு, நடுநிலையாக எழுது, சொந்தத் தொடர்பை மறைக்காதே என்ற மூன்று பழக்கங்களும் இன்றைய தொகுப்பாளர்களுக்கும் பொருந்தும்.

இன்று தன்னார்வலர்கள் அதிகமாகக் கூடும் இடம் விக்கிப்பீடியா. அது 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இப்போது அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. மலேசியா பற்றிய கட்டுரைகள் பலவற்றை எழுதியவர் நம் நாட்டு எழுத்தாளர் மலாக்கா முத்துக்கிருஷ்ணன். ஆனாலும் நம் சிற்றூர்கள், பள்ளிகள், தோட்டங்கள் பற்றி எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. கணக்கைத் திறங்கள். கட்டணம் இல்லை. சொந்தப் பெயர் கட்டாயமில்லை, புனைபெயர் போதும். சங்கத்தின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ கணக்குத் திறக்க வேண்டாம். ஒரு கணக்கு ஓர் ஆளுக்கு உரியது.

2. தமிழில் தட்டச்சுச் செய்யத் தயாராகுங்கள். கணினிக்கு முரசு அஞ்சல், கைப்பேசிக்குச் செல்லினம் என நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செயலிகளே இருக்கின்றன. வேறு எந்த ஒருங்குறி விசைப்பலகையும் சரிதான்.

3. 'மணல்தொட்டி' என்ற பக்கத்தில் பழகுங்கள். அது பயிற்சிக்கென்றே இருப்பது. அங்கே என்ன எழுதினாலும் எந்தக் கட்டுரையும் கெடாது.

4. உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். தைப்பிங், கம்பார், பத்து காஜா, தெலுக் இந்தான், பாகான் செராய், எந்த ஊராக இருந்தாலும் சரி. எழுத்துப்பிழை, பழைய தகவல், தவறான தூரம் என ஏதேனும் ஒன்று கண்ணில் படும். 'தொகு' என்பதை அழுத்தி அதை மட்டும் திருத்துங்கள். என்ன மாற்றினீர்கள் என்று சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதிவிட்டுச் சேமியுங்கள்.

5. இப்படிப் பத்து, இருபது சிறு திருத்தங்கள் செய்த பிறகு புதிய கட்டுரையைப் பற்றி யோசியுங்கள். அதற்குள் மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பது பிடிபட்டுவிடும்.

சந்தேகம் வந்தால் 'ஆலமரத்தடி' என்ற பக்கத்தில் கேட்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் கூடிப் பேசும் இடம் அது.

எனக்குத் தெரியும் என்றால் போதாதா?

புதியவர்கள் ஆக அதிகமாகச் சங்கடப்படும் இடம் இதுதான். "என் தாத்தா அந்தத் தோட்டத்தில் மண்டோர். அவர் சொன்னது எனக்குத் தெரியும்" என்று ஒருவர் எழுதினால் விக்கிப்பீடியா அதை ஏற்காது. தாத்தா பொய் சொன்னார் என்று பொருளல்ல. படிக்கும் வேறொருவர் அதைச் சரிபார்க்க வழியில்லை என்பதே காரணம். ஆகவே ஒவ்வொரு முக்கியத் தகவலுக்கும் அச்சிலோ இணையத்திலோ வெளியான ஒரு சான்றைக் காட்ட வேண்டும்.

இதனால் யாருக்கு இழப்பு என்பதற்குச் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டமே உதாரணம். 1948 ஜூன் 16-ஆம் தேதி அங்கே தோட்ட நிர்வாகி ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாளில் அதே வட்டாரத்தில் இன்னொரு தோட்டத்திலும் ஐரோப்பியர் இருவர் கொல்லப்பட்டனர். அதையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 12 ஆண்டுகள் நீடித்தது. அன்று இறந்த நிர்வாகிகளின் பெயர்கள் வரலாற்று நூல்களில் உள்ளன. அதே தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களைப் பற்றி அந்த நூல்களில் அவ்வளவு தேடிப் பிடிக்க முடியாது. ஆதாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கட்டுரையும் வளரும். நம் மக்களின் பக்கம் எழுதப்பட வேண்டுமானால் நம் மக்களின் ஆதாரங்கள் முதலில் திரட்டப்பட வேண்டும்.

சான்றுகளை எங்கே தேடுவது?

பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், சங்கப் பொன்விழா மலர்: இவை பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. தொடக்க ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு போன்ற எளிய தகவல்களுக்கு இவை உதவும்.

பழைய நாளிதழ்கள்: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்க் களஞ்சியத்தில் மலாயா காலத்து ஆங்கில ஏடுகளும் பழைய தமிழ் முரசு இதழ்களும் உள்ளன. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கொடுத்துத் தேடினால் விற்பனை, வேலைநிறுத்தம், வெள்ளம் என்று செய்திகள் வரக்கூடும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய நறுக்குகள் யாரிடமாவது இருந்தால் அவையும் பயன்படும், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பட்டியல்கள்: கல்வி அமைச்சின் பள்ளிப் பட்டியலில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு பள்ளிகளைக் குழப்பாமல் இருக்க அது உதவும்.

நூலகங்கள்: ஈப்போ துன் ரசாக் நூலகம், கோலாலம்பூரில் தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம்.

எதுவுமே அச்சில் இல்லையென்றால்? அப்போது முதல் வேலை விக்கிப்பீடியாவில் எழுதுவது அல்ல. பெரியவர்களிடம் கேட்டு, பெயரும் ஆண்டும் சரிபார்த்து, நாளிதழுக்கு ஒரு கட்டுரையாகவோ பள்ளியின் மலராகவோ வெளியிடுவதுதான். மலர் வெளியிட்டால் தேசிய நூலகத்துக்கும் படிகள் அனுப்புங்கள். நாட்டில் வெளியாகும் நூல்களை அங்கே ஒப்படைப்பதற்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அப்படி வெளியானதை நாளை வேறொரு தொகுப்பாளர் சான்றாகக் காட்டுவார். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்க வேண்டியதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

எப்படி எழுதுவது?

'பேராக்கின் தலைசிறந்த பள்ளி' என்பது கருத்து. 'சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார்' என்பது தகவல். கருத்தை விட்டுவிட்டுத் தகவலை எழுதுங்கள். 'மாண்புமிகு', 'கொடைவள்ளல்' போன்ற அடைமொழிகள் கல்வெட்டில் இருக்கலாம். கலைக்களஞ்சியத்தில் பெயர் மட்டும் போதும்.

நீங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் கோயிலையோ சங்கத்தையோ பற்றி நேரடியாக எழுதாதீர்கள். அந்தக் கட்டுரையின் 'உரையாடல்' பக்கத்தில் உங்கள் தொடர்பைச் சொல்லி, ஆதாரத்தைக் கொடுத்து, மற்றவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு தரப்பாகப் பிரிந்து கிடக்கும் விவகாரத்தில் இரு தரப்பும் சொன்னதைச் சான்றோடு எழுத வேண்டும்.

நாளிதழிலோ நூலிலோ இருப்பதை அப்படியே எடுத்துப் போடக்கூடாது. அது காப்புரிமை மீறல். படித்துவிட்டுச் சொந்த நடையில் எழுதி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று காட்டுங்கள். படங்களுக்கும் இதே விதிதான். புலனத்தில் வந்த படம் வேண்டாம். நீங்களே எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். ஆனால் ஏற்றிய பிறகு யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். மாணவர்களின் முகம் தெரியும் படங்களைத் தவிர்ப்பது நல்லது.

நீக்கிவிட்டால்?

நீங்கள் எழுதியதை ஒருவர் அழித்துவிட்டால் கோபப்பட்டு மீண்டும் மீண்டும் போடாதீர்கள். 'வரலாறு' என்ற பக்கத்தில் முந்தைய பதிப்புகள் இருக்கும். ஏன் நீக்கினார் என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். பல முறை காரணம் ஒன்றே: சான்று இல்லை. சான்றைச் சேர்த்துத் திரும்பப் போடுங்கள். கருத்து வேறுபாடு என்றால் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகப் பேசுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு சனிக்கிழமை மாலை போதும். வீட்டில் இருக்கும் ஒரு பழைய பள்ளி மலரை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளியைப் பற்றி விக்கிப்பீடியாவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொடங்கிய ஆண்டு அங்கே இல்லையென்றால், மலரின் பெயர், வெளியான ஆண்டு, பக்க எண் ஆகியவற்றோடு அந்த ஒரு வரியைச் சேருங்கள். உங்கள் முதல் பதிவு அதுவாக இருக்கட்டும்.