சக்கரத்தைத் தொடாத கைகள்

கூடங்குளம் என்று போனில் தேடினால் முதலில் வருவது அணுமின் நிலையத்தின் கவிழ்த்த பானை மாதிரியான கூரைகள். அடுத்து, இடிந்தகரையில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். 2011, 2012 போராட்டக் காலப் படங்கள் அவை. பெரும்பாலும் கீழே 'போராடும் பெண்கள்' என்று மட்டும் போட்டிருக்கும். யார் பெயரும் இருக்காது. வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த எனக்கு அந்தப் படங்களில் சில முகங்களைத் தெரியும். பெயரில்லாமல் படத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர்கள் மண் பிசைகிற சில பெண்கள். அவர்களையும் இதே போனில்தான் கண்டேன்.

தண்ணீர்ப் பானை ஒன்று ரொம்பக் கசிந்தது. என்ன செய்யலாம் என்று 'மண்பானை' எனத் தமிழில் தேடினேன். புதுச்சட்டியை எப்படிப் பழக்குவது, மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பது எப்படி என்று சமையல் வீடியோக்களாக வந்தன. 'செராமிக் ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டதும் வேறு உலகம் திறந்தது. வெள்ளைச் சுவர், ஒரே ஒரு பானை, அதன்மேல் விளக்கு வெளிச்சம், பக்கத்தில் செய்தவரின் பெயர். மண் அதேதான். ஒரு சொல்லில் தேடினால் சமையல்கட்டு வருகிறது, இன்னொரு சொல்லில் தேடினால் கலைக்கூடம் வருகிறது.

எனக்கு இது சும்மா வேடிக்கை இல்லை. என் அம்மாவைப் பெற்ற ஆச்சி சேரன்மாதேவிப் பக்கம், பானை வனைகிற வீட்டில் பிறந்து அதே தொழில் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். குளத்து மண்ணைச் சுமந்து வந்து, கல் பொறுக்கி, மணல் கலந்து, மிதித்துப் பதமாக்குவது ஆச்சி. சூளைக்கு விறகும் வைக்கோலும் சேர்ப்பது ஆச்சி. தலையில் கூடை வைத்து ஊர் ஊராக விற்றதும் அவள்தான். ஆனால் சக்கரத்தில் உட்காருவது தாத்தா மட்டும். "பொம்பள கை பட்டா சக்கரம் சுத்தாதுளா" என்பாள் ஆச்சி, ஏதோ மழை பெய்யாது என்று சொல்வதுபோல. இந்தியாவின் பல பகுதிகளில் குயவர் வீடுகளில் இந்த விலக்கு இருந்திருக்கிறது, இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை வெகுநாள் கழித்தே புரிந்துகொண்டேன். நம் பக்கத்துத் தண்ணீர்ப் பானை சக்கரத்திலிருந்து முழுசாக இறங்குவதில்லை. வாயும் கழுத்தும் தோளும் வந்திருக்கும், அடி திறந்தே கிடக்கும். லேசாக உலர்ந்தபின் உள்ளே ஒரு கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செய்தது ஆச்சி. தாத்தா இறக்கிய பானையில் தண்ணீர் நிற்காது. ஆச்சி தட்டிய பிறகே நிற்கும். ஆனாலும் 'பானை செய்கிறவர்' என்று ஊர் சொன்னது தாத்தாவை.

சக்கரம் இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். மணிப்பூரின் தோங்ஜாவ் கிராமத்தில் பானை செய்வது பெண்கள். அங்கே பானை சுற்றுவதில்லை, பெண் பானையைச் சுற்றி நடக்கிறாள். அந்த ஊரின் நீலமணி தேவிக்கு 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நைஜீரியாவின் குவாலி என்ற ஊரிலும் பானை செய்வது பெண்களின் வேலை. 1925 வாக்கில் அங்கே பிறந்த லாடி குவாலி, மண்ணைக் கயிறுபோல் திரித்து அடுக்கிப் பானை எழுப்பும் முறையைத் தன் அத்தையிடம் கற்றார். ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ அபுஜாவில் நடத்திய பயிற்சி மையத்தில் சக்கரத்தில் பழகியவர்கள் எல்லாம் ஆண்கள். 1954இல் அங்கே சேர்ந்த முதல் பெண் லாடி குவாலி. சக்கரத்தையும் கற்றுக்கொண்டார், ஆனால் அவருக்குப் புகழ் தந்தவை கையால் எழுப்பிய பெரிய பானைகளே. லண்டன் வரை அவை போயின. இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் அவர் பானை செய்யும் படம் இருக்கிறது. ஒரு பானைக்காரி ரூபாய் நோட்டில்! அதை ஆச்சியிடம் காட்ட முடியாமல் போனதே என்று அன்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

லாடி குவாலியிடம் 1970களில் கற்க வந்தவர் மக்டலின் ஒடுண்டோ, 1950இல் நைரோபியில் பிறந்தவர். இப்போது உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் அவருடைய கலங்கள் இருக்கின்றன. அவரும் சக்கரத்தில் வனைவதில்லை. கண்ணாடிப் பூச்சும் கிடையாது. மேற்பரப்பைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறார். காற்றோட்டமாகச் சுட்டால் மண் சிவப்பாகிறது, காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் கருப்பாகிறது. இதைப் படித்ததும் எனக்குத் தாமிரபரணி நினைவு வந்தது.

ஆதிச்சநல்லூர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள். 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். அதன்பின் அலெக்சாண்டர் ரீ, பிறகு 2004, 2005இல் இந்தியத் தொல்லியல் துறை. கிடைத்தவற்றில் கருப்பு-சிவப்புக் கலங்கள் ஏராளம். அதே மண், அதே நெருப்பு, அதே காற்றடைப்பு. ஒரு தாழியின் ஓட்டில் மண்ணால் ஒட்டிய உருவங்கள் இருந்தன: ஒரு பெண், ஒரு பறவை, மான், முதலை. தோண்டியவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணுருவை ஒட்டிய கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று ஓடு சொல்வதில்லை. ஆனால் கேட்காமலே 'குயவன்' என்று எழுதிவிடுகிறோம்.

நம் மொழியில் ஒரு பெயர் மட்டும் தப்பியிருக்கிறது. வெண்ணிக் குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அவருடையது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். அவர் வனைந்த கலம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை, பாட்டு கிடைத்தது. அதே நூலின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி கலம் செய்பவனிடம் தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். பள்ளியில் இதைக் கற்பு என்று நடத்தினார்கள். இப்போது படித்தால், பெண்ணுக்கு மண்ணில் கிடைத்த இடம் அவ்வளவுதானா என்றே கேட்கத் தோன்றுகிறது.

நம் காலத்துக்கு வருவோம். 1971இல் டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண், ரே மீக்கருடன் சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். அதிக வெப்பத்தில் சுட்ட, தண்ணீர் கசியாத கலங்கள் அங்கே செய்யப்பட்டன. அங்கே பயின்ற பெண்கள் பலர் இன்று பெயர் பெற்ற கலைஞர்கள். பரோடாவில் ஜோத்ஸ்னா பட் தலைமுறைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். 2018இல் ஜெய்ப்பூரில் இந்தியாவின் முதல் செராமிக் டிரியென்னாலே நடந்தது. இந்தப் பெண்கள் சக்கரத்தில் உட்கார்ந்தபோது அது நிற்கவில்லை, சுற்றியது. ஆச்சி சொன்னது மண்ணின் விதி இல்லை, மனுசர் போட்ட விதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. படித்து, வெளியிலிருந்து மண்ணுக்கு வந்த பெண்ணுக்குச் சக்கரம் எளிதில் திறந்தது. குயவர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அது தன் முற்றத்திலேயே மூடிக் கிடந்தது. அவள் மண் தொழிலாளி, இவள் கலைஞர். இரண்டுக்கும் நடுவில் சாதியும் காசும் ஆங்கிலமும் நிற்கின்றன. மானாமதுரையில் கடம் தட்டும் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றது அதனால்தான் எனக்குப் பெரிய செய்தி. ஈரப் பானையை ஆயிரக்கணக்கான முறை தட்டித்தான் கடத்துக்கு நாதம் வருகிறது. தட்டுகிற கைக்கும் பெயர் உண்டு என்று அந்த விருது சொன்னது.

அமெரிக்காவில் மரியா மார்ட்டினெஸ் என்ற பழங்குடிப் பெண் 1920களில் தன் கருப்புப் பானைகளின் அடியில் பெயரெழுதத் தொடங்கினார். அதற்குமுன் அவருடைய ஊர்ப் பானைகளில் பெயரெழுதும் வழக்கமில்லை. இதைப் படித்த மறுநாள், கசிகிற பானையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். தட்டுப்பலகையின் தடங்கள் வரிசையாக இருந்தன, பெயர் இல்லை. அது ஆச்சி செய்ததில்லை, சந்தையில் வாங்கியது. யாரோ ஒருத்தி தட்டியது.

அம்மாவிடம் போன் செய்து, "ஆச்சி பேரு முழுசா என்னம்மா?" என்று கேட்டேன். எனக்கு அவள் எப்போதும் ஆச்சிதான். ரேஷன் கார்டிலும் தாத்தா பெயரோடு ஒட்டித்தான் இருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எதுக்குளா திடீர்னு?" என்றாள்.

பெயரைச் சொன்னாள். ஆச்சி தட்டிய பானை ஒன்று அம்மா வீட்டில் நெல்விதை போட்டுக் கிடக்கிறது. அடுத்த முறை போகும்போது அதன் அடியில், தட்டிய தடத்தின் மேலேயே, அந்தப் பெயரை எழுத வேண்டும்.