குறிப்புக் கட்டத்தில் விடுபட்ட நிலம்

ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை மாற்றுவது, மூட்டையை இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு ஏற்றுவது மாதிரியான காரியம் என்றே சொல்லப்படுகிறது. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. புதிய அட்டவணையில் எதற்குக் கட்டம் இருக்கிறதோ அதுதான் தகவலாக மிஞ்சும். கட்டம் போடுகிறவர் யார் என்பது அதிகாரம் பற்றிய கேள்வி.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. முதல் பத்தாண்டுகள் நிலத்தை யாருக்கும் விற்கக்கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். ஆக, நிபந்தனை ஆள்மீது இல்லை, நிலத்தின்மீது. கிராமப் பதிவேட்டில் அது ஓரக் குறிப்பாக, 'டி.சி.' என்கிற இரண்டு எழுத்தாக உட்கார்ந்திருந்தது.

முதல் பெரிய மாற்றம் கணிப்பொறிக்கு முன்பே நடந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் ஏக்கரும் செண்டும் ஹெக்டேரும் ஏர்ஸும் ஆயின. அனுபவத்தில் இருப்பவரைப் பார்த்துப் பெயர் எழுதினார்கள். நிலம் ஏற்கனவே கைமாறியிருந்த ஊரில் அபகரிப்பே பட்டாவாகிற வழி இது. நடுவில், 1980இல், பரம்பரைக் கர்ணம் பதவியும் ஒழிந்தது. ஒழிய வேண்டியதுதான், ஆனால் எந்தக் குறிப்பு எங்கே இருந்தது என்று தெரிந்தவரும் அவரோடு போய்விட்டார்.

யு.டி.ஆர். பதிவுகளே பிறகு கணிப்பொறிக்கு ஏறின. இன்றைய இணையப் பட்டாவிலும் 'குறிப்புரைகள்' என்றொரு பத்தி உண்டு. பெரும்பாலும் அதில் இருப்பது பெயர் மாற்ற உத்தரவின் எண்ணும் தேதியும்தான். தாலுகா ஆபீசில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் காட்டலையே" என்று பதில் வரும்.

உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு 1970இல் அடித்தளம் போட்ட எட்கர் காட், பிற்காலத்தில் வெற்றுக் கட்டத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்: தகவல் உண்டு, கைக்கு வரவில்லை, தகவலே பொருந்தாது. நம் பட்டாவின் வெற்றுக்கட்டம் முதல் வகை. அதை இரண்டாவதாக வாசிப்பதில்தான் ஆதிக்கசாதி லாபம் இருக்கிறது.

காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கேட்டது, காகிதத்தில் ஒருகாலத்தில் எழுதியிருந்ததைத்தான்.

எனவே யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகளை ஊர்வாரியாக மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கவேண்டும். 'டி.சி.' நிபந்தனைக்குக் குறிப்புரையில் ஒரு மூலை போதாது. காலியாக விடமுடியாத தனிக்கட்டம் வேண்டும். அதுவரை செல்லரித்த அந்தப் பழைய பதிவேட்டைவிட நம்பகமான சாட்சி நமக்கு இல்லை.