அகவைப் பிழையும் புற்றுநோய் இடர் மதிப்பீடும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

காரைக்குடி வட்டார நகரத்தார் இல்லங்களில் பிறந்த நாளும் நாழிகையும் சாதகத்தில் எழுதப்பெற்றன. அறுபதாம் ஆண்டு நிறைவு திருமணமாகவே கொண்டாடப்பெற்றது. இத்தகைய பதிவு வாய்க்காத குடும்பங்களிலோ முதியோரின் அகவை பெரிதும் ஊகமே. இவ்வேறுபாடு புற்றுநோய்ப் புள்ளியியலின் அடித்தளத்தையே தொடுகிறது.

1982 சனவரி முதல், தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ், அடையாறு புற்றுநோய் நிறுவனம் சென்னை மாநகரின் நோயாளிகளைப் பதிந்து வருகிறது. ஐந்தாண்டு அகவைப் பிரிவு ஒவ்வொன்றின் ஆண்டு நிகழ்வு வீதத்தையும் ஐந்தால் பெருக்கி, 74 அகவை வரை கூட்டினால் திரள்வீதம் கிடைக்கும். அது 0.12 எனக் கொண்டால், அடுக்குக்குறிச் சூத்திரத்தின்படி இடர் 11.3 விழுக்காடு; ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர். வேறு காரணத்தால் எவரும் இறப்பதில்லை என்னும் கற்பனையும் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

இந்தியக் குடிக்கணக்கில் 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் அகவைகள் இயல்புக்கு மாறாகக் குவிவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. 60 எனச் சொல்வோர் மிகுவதால் 60–64 பிரிவு வீங்கும். அண்டைப் பிரிவுகள் மெலியும். கூட்டும்போது இவ்வேற்றத்தாழ்வு ஓரளவு ஈடாகிவிடும். முதுமையை மிகைத்துக் கூறும் வழக்கமோ ஈடாவதில்லை. எழுபதைக் கடந்தவர் எண்பது என்றால் அவர் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறார். நோயாளியின் அகவையை மருத்துவமனையில் உறவினரும், குடிக்கணக்கில் குடும்பத்தலைவரும் கூறுவதால் தொகுதியும் பகுதியும் ஒரே அளவில் பிழைபடுவதும் இல்லை.

பிறந்த தமிழ் ஆண்டின் பெயரைக் கேட்டறிவது இங்குப் பயன்படும். அப்பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறையே மீள்வதால், பிரபவ என்பவர் எந்தச் சுற்றில் பிறந்தவர் என ஐயுற வேண்டியதில்லை.