8009: ஒரு வாசலின் வரலாறு

லினக்ஸ் சர்வர் ஒன்றில் டாம்கேட் என்ற ஜாவா சர்வரை நிறுவி ஓடவிட்டு, எந்தெந்தப் போர்ட்கள் திறந்திருக்கின்றன என்று பார்த்தால், 2020 தொடக்கம் வரை மூன்று எண்கள் தவறாமல் தென்படும். 8005, டாம்கேட்டை நிறுத்துவதற்கு. 8080, பிரவுசர் நேரே வந்து பேசுவதற்கு. மூன்றாவது 8009. அங்கே பிரவுசருக்கு வேலையே இல்லை. முன்னால் நிற்கும் அப்பாச்சி வெப் சர்வரும் பின்னால் இருக்கும் ஜாவா சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்த கொல்லைப்புற வாசல் அது.

அந்த வாசல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1990-களுக்குப் போக வேண்டும். 1993-இல் என்சிஎஸ்ஏ வெப் சர்வரோடு வந்த சிஜிஐ முறையில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புரோகிராம் புதிதாகத் தொடங்கி, பதில் சொல்லிவிட்டு முடிந்துபோகும். சின்ன பெர்ல் ஸ்கிரிப்டுக்கு அது சரி. ஜாவாவுக்கோ, ஒரு பக்கம் காட்டுவதற்காக ஒவ்வொரு முறையும் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் முழுவதையும் எழுப்பியாக வேண்டும். 1997-இல் சன் நிறுவனம் வெளியிட்ட சர்வ்லெட் முறை இதற்கு விடை தந்தது: ஜேவிஎம் எப்போதும் விழித்திருக்கும், கோரிக்கைகள் அதைத் தேடி வரும்.

ஆனால் 1995-இல் பிறந்த அப்பாச்சி சி மொழியில் எழுதப்பட்டது. ஜாவா வாழ்வது ஜேவிஎம்முக்குள். இரண்டும் தனித்தனி வீடுகள். இவற்றுக்கு நடுவே பாதை போட்டது ஜேசர்வ். அதன் ஒரு பாதி அப்பாச்சிக்குள் உட்காரும் சி மாட்யூல். மறுபாதி ஜாவாவில் ஓடும் சர்வ்லெட் எஞ்சின். இரண்டும் பேசிக்கொண்ட மொழிக்கு அப்பாச்சி ஜேசர்வ் புரோட்டோகால் என்று பெயர், சுருக்கமாக ஏஜேபி.

ஜாவா சர்வரையே நேராக வாசலில் நிறுத்தியிருக்கலாமே? அதில் சிக்கல் இருந்தது. யூனிக்ஸ் மரபில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டும். அப்பாச்சி ரூட்டாகத் தொடங்கி, வெப்பின் வழக்கமான போர்ட்டான 80-ஐத் திறந்துகொண்டு, கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையைச் சாதாரணப் பயனராக ஓடும் பிள்ளைப் புரோசஸ்களிடம் விட்டுவிடும். ஜாவாவால் அப்படி எளிதில் செய்ய முடியாது; முழு சர்வரையும் ரூட்டாக ஓட்டுவது ஆபத்து. படங்களையும் ஹெச்டிஎம்எல் கோப்புகளையும் அனுப்புவதிலும் அன்றைய ஜேவிஎம் மந்தம். அதனால் கோப்புகள் அப்பாச்சிக்கு, சர்வ்லெட்டுகள் ஜாவாவுக்கு என்று வேலை பிரிந்தது.

சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய சர்வ்லெட் சர்வர் 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்கு வந்தது. தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் விலங்கின் பெயர் வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தது டாம்கேட், அதாவது கடுவன் பூனை. அதை அப்பாச்சியோடு இணைக்கப் புதிதாக எழுதப்பட்ட மாட்யூல்தான் மாட் ஜேகே. ஏஜேபியும் 1.3-ஆம் பதிப்புக்கு வளர்ந்தது.

அந்தப் பதிப்பின் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. முந்தைய பதிப்பு கோரிக்கைக்கு ஒரு இணைப்பு என்று திறந்து மூடியது. இது திறந்த இணைப்பை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த கோரிக்கைகளையும் அதிலேயே அனுப்பியது. அப்பாச்சியிலிருந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் பதினறும எண்முறையில் 1234 என்று தொடங்கும். டாம்கேட்டிலிருந்து திரும்புவது ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளோடு வரும். அடிக்கடி வரும் ஹெடர்களின் பெயரை முழுசாக எழுதாமல் இரண்டு பைட் குறியீடாக அனுப்பும். வந்தவர் யார், எந்த முகவரியிலிருந்து வந்தார், பாதுகாப்பான இணைப்பில் வந்தாரா என்பதையெல்லாம் அப்பாச்சியே சொல்லிவிடும். டாம்கேட் அதை அப்படியே நம்பும்.

இந்த இணைப்பை அமைப்பது அன்றைய லினக்ஸ் நிர்வாகிகளின் பொறுமையைச் சோதித்தது. அப்பாச்சி 1.3-க்காக கம்பைல் செய்த மாட்யூல் 2002-இல் வந்த 2.0-இல் ஏறாது. தனியாக ஒரு கோப்பில், டாம்கேட்டைக் குறிக்கும் ஒர்க்கர்களின் பெயர், ஹோஸ்ட், போர்ட் எழுத வேண்டும். பிறகு எந்த முகவரி எந்த ஒர்க்கருக்கு என்று அப்பாச்சியிடம் சொல்ல வேண்டும். ரெட் ஹேட்டில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு வந்த பின் இன்னொரு தலைவலி சேர்ந்தது: எல்லா வரியும் சரியாக இருந்தும் பிரவுசரில் 503 வரும், லாகில் அனுமதி மறுப்பு என்றிருக்கும். வெப் சர்வர் வெளியே இணைப்பு ஏற்படுத்த அனுமதிக்கும் ஒரு சுவிட்சைப் போட்டால் தீர்ந்துவிடும்.

மாட் வெப்ஆப், மாட் ஜேகே2 என்ற வேறு முயற்சிகளும் நடந்தன. முன்னது நிலைக்கவில்லை, பின்னது 2004-இல் கைவிடப்பட்டது. 2005 டிசம்பரில் வந்த அப்பாச்சி 2.2, ஏஜேபி பேசும் பிராக்ஸி மாட்யூலைத் தன்னோடே கொண்டுவந்தது. தனியாக கம்பைல் செய்யும் பாடு அதோடு பலருக்கு ஒழிந்தது. பின்னாளில் பரவிய என்ஜின்எக்ஸ் வெப் சர்வரோ, ஜாவா சர்வரோடு சாதாரண ஹெச்டிடிபியிலேயே பேசியது.

ஆனாலும் 8009 திறந்தே கிடந்தது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், டாம்கேட் அதை இயல்பாகவே எல்லா முகவரிகளிலும் திறந்து வைத்தது. 2020 பிப்ரவரியில் சீனாவின் சைட்டின் நிறுவனம் அறிவித்த ‘கோஸ்ட்கேட்’ ஓட்டை இந்த வாசலில்தான் இருந்தது. 8009-ஐ எட்ட முடிந்த எவரும் அப்பாச்சியைப் போலப் பேசி, கோரிக்கையோடு தாம் விரும்பிய விவரங்களைச் சேர்த்து அனுப்பலாம். டாம்கேட் அதையும் நம்பி, வெளியே காட்டக்கூடாத உள்கோப்புகளை எடுத்துக் கொடுத்துவிடும். அவற்றில் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்தால் அதுவும் போச்சு. 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது. அந்த வாசல் இயல்பாக மூடப்பட்டது. திறந்தாலும் அதே எந்திரத்துக்குள் மட்டும், ரகசியச் சொல் கேட்ட பிறகே பேசும்.

குற்றம் ஏஜேபியின் மேல் இல்லை. வீட்டுக்குள் பேச உருவான மொழி அது. அதன் வாசலைத் தெருப்பக்கம் திறந்து வைத்ததுதான் தவறு. பழைய டாம்கேட் இன்னும் ஓடும் அலுவலகங்களில் இருப்பவர்கள் இன்றே ஒருமுறை பாருங்கள்: 8009 கேட்பது 127.0.0.1-இல் மட்டுமா, எல்லா முகவரிகளிலுமா? பயன்பாட்டில் இல்லை என்றால் கான்ஃபிகரேஷன் கோப்பில் 8009-ஐத் திறக்கும் வரியை கமென்ட் செய்துவிட்டு டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள்.