நூல் பிடித்து நேராக்கிய சில்லுகள்

தடைக்கால வன்னியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பற்றி எழுதிவிட்டார்கள், நானும் எழுதியிருக்கிறேன். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கதை சுவையானதுதான். ஆனால் ரயர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எரிபொருளுக்கு ஒரு மாற்று இருந்தது, ரயருக்கு அது இருக்கவில்லை. ஆகவே முன்சில்லுகளை நேர்ப்படுத்தும் வேலை, இன்று நாம் 'வீல் எலைன்மென்ட்' என்று சாதாரணமாகச் சொல்வது, அங்கே வாழ்வாதாரப் பிரச்சினையாக இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையானோர் அடுத்த மாதங்களில் வன்னிக்குள் வந்தார்கள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஒரு சிறு விவசாயப் பட்டினமாக இருந்த புதுக்குடியிருப்பு இடம்பெயர்ந்தோரால் நிறைந்தது. அங்கே ஓடிய கார்களோ பெரும்பாலும் பழைய பிரித்தானியக் கார்கள்: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிச். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, 1977இல்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டப் பழகிய நாடு இது. தடை அந்தப் பழக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசும் ஓர் அகதிதான் என்பது பலருக்குத் தெரியாது. சிமேர்ணா நகரில் 1906இல் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் போரில் எரிந்தபோது குடும்பத்தோடு பிரித்தானியக் கப்பலில் மோல்ராவுக்குப் போனார். தந்தை விரைவில் இறந்துவிட, தாயோடு இங்கிலாந்து சேர்ந்தார். 1948இல் அவருடைய கார் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுதான்.

நமக்கு வேண்டியது அந்தக் காரின் முன்பகுதி. அதில் சுருள்வில் இல்லை. ரோர்சன் பார் எனப்படும் முறுக்குத் தண்டுகள் இரண்டு, காரின் நீளவாக்கில் அடியில் கிடக்கும். சில்லு மேலும் கீழும் போகும்போது தண்டு முறுகி விடுபடும். நாற்பது வருடங்கள் முறுகிய இரும்பு சோர்ந்துபோகாதா? முன்பக்கம் தாழ்ந்துவிடும். சாரதி தனியாகவே அதிகம் ஓடுவதால் பெரும்பாலும் அவர் இருக்கும் வலப்புறம் கூடுதலாகத் தாழும். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம் இளைஞர்கள் அழகுக்காகக் காரைத் தாழ்த்துகிறார்கள். வன்னியில் கார்கள் தாமாகவே தாழ்ந்தன. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். சில்லின் மேற்பக்கம் உள்ளே சாயும். ஸ்ரியறிங்கோடு சில்லை இணைக்கும் கம்பிகளின் கோணமும் மாறுவதால், இரு சில்லுகளும் முன்னால் ஒன்றையொன்று நோக்கும் அளவும் கெட்டுவிடும்.

போர் நிறுத்தத்தின்போது, 2003இல், செய்தி சேகரிக்கப் போயிருந்த நான் புதுக்குடியிருப்பில் ஒரு கராச்சில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்திருக்கிறேன். தென்னோலைக் கூரை, மண் தரை. ஒரு மொறிஸ் மைனர் மூக்கைத் தரைக்குத் தாழ்த்தி நின்றது. நூலை எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"அவசரப்படாதேங்கோ தம்பி. முதல் உயரத்தைச் சரியாக்கவேணும். பதிஞ்ச காருக்கு நூல் பிடிச்சு என்ன பிரயோசனம்?" என்றார் மெக்கானிக் அண்ணை.

இன்றைய கணினி இயந்திரக்காரர்களில் சிலரும் மறந்துவிடும் வரிசை அது. அவர் முதலில் தண்ணீர் நிரப்பிய குழாயால் தரையின் மட்டம் பார்த்தார். சில்லைத் தாங்கும் மரையிட்ட மூட்டை ஆட்டிப் பார்த்தார். மைனரின் பலவீனம் அந்த மூட்டு. கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஓடும்போதே கழன்று சில்லு மடிந்துவிடும். கிறீசுக்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் எத்தனை கார்கள் அப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முறுக்குத் தண்டின் நெம்புகோலை இடம்மாற்றிப் பூட்டி முன்பக்கத்தை உயர்த்தினார். இடத் தண்டையும் வலத் தண்டையும் மாற்றிப் போடக்கூடாது. ஒரு திசையில் முறுகிப் பழகிய இரும்பு எதிர்த்திசையில் முறுகினால் உடைந்துவிடும். காரை முன்னும் பின்னும் உருட்டிச் சமநிலைக்கு வரவிட்ட பின்னர்தான் மீன்பிடி நூல் வெளியே வந்தது. பின்சில்லுகளை ஆதாரமாக வைத்து இரு பக்கமும் நூல் இழுத்து, முன்சில்லின் விளிம்பு நூலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று முன்னாலும் பின்னாலும் அளந்தார். மைனருக்கு உள்நோக்கு 3/32 அங்குலம். ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர். இரண்டு பக்கக் கம்பிகளையும் சம அளவில் திருகினார். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் ஸ்ரியறிங் கோணலாகிவிடும்.

இந்தச் சிற்றளவுக்கு ஏன் இத்தனை பாடு? கணக்குப் பார்த்தேன். 14 அங்குல விளிம்பில் மொத்த அளவு கால் அங்குலம் பிழைத்தால், ஒவ்வொரு முன்சில்லும் கிலோமீற்றருக்கு ஒன்பது மீற்றர் அளவு பக்கவாட்டில் இழுபடும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் ரயர் 450 மீற்றர் தரையில் உரசியிருக்கும். புது ரயர் வாங்க வழியில்லாத ஊரில் அது கைப்பொருளை வீதியில் தேய்ப்பது. சில்லின் சாய்வை மாற்ற மைனரில் வசதி கிடையாது; உயரம் சரியானால் அதுவும் சரியாகும் என்பதால்தான் அண்ணை உயரத்தில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்.

2009இன் தொடக்க மாதங்களில் புதுக்குடியிருப்பே வெறுமையானது. மக்கள் கிழக்கே, மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கமாக, எது ஓடுமோ அதில் ஏறிப் போனார்கள்: உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர், சைக்கிள், பழைய கார். இரண்டு வருடங்கள் கழித்து நான் அந்த வழியாகப் போனபோது எரிந்த வாகனங்கள் வெளிகளில் குவியல் குவியலாகக் கிடந்தன. ரயர்கள் எரிந்து, உள்ளேயிருந்த கம்பி வளையங்கள் மட்டும் துருவேறி விளிம்புகளில் தொங்கின. கராச் இருந்த இடத்தை வீதியோரத்தில் தேடிப் பார்த்தேன். அண்ணையைப் பற்றி இரண்டு கடைகளில் விசாரித்தேன். இரண்டிலும் புதிதாக வந்தவர்கள் இருந்தார்கள்.